1944 பெலாருஸ் தாக்குதல்: டாங்கிகளுக்கு வழி திறந்தது யார்?

சுவடி:
வணக்கம். போன வாரம் குர்ஸ்க் (1943இல் சோவியத், ஜெர்மன் டாங்கிகள் மோதிய பெரிய போர்) பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர், டாங்கிகள் முன்னால் பாய்ந்து எதிரி வரிசையை உடைக்கும், காலாட்படை பின்னால் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், டாங்கிப் போர் என்றால் அதுதான் என்று எழுதியிருந்தார். நானும் பல வருடம் அப்படியே நினைத்திருந்தேன். இரண்டாம் உலகப் போரில், 1944 கோடையில், சோவியத் படை பெலாருஸில் ஜெர்மானியர்களைத் தாக்கியதைப் பற்றிப் பொறுமையாகப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அதனால்தான் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1812இல் நெப்போலியனுக்கு எதிராக போரதினோவில் படுகாயமடைந்து இறந்த ஜார்ஜிய இளவரசர், தளபதி பக்ரத்தியோனின் பெயரைத்தான் இந்தத் தாக்குதலுக்கு வைத்தார்கள். ஜூன் 22இல் துருப்புகள் ஆழம் பார்த்தன, 23இல் பெரிய அடி விழுந்தது, தெற்கே ரொக்கஸோவ்ஸ்கியின் முனையில் 24இல். நான்கு போர்முனைகள், அவற்றின் சோவியத் தளபதிகள்: பக்ரம்யான், செர்னியகோவ்ஸ்கி, சகாரவ், ரொக்கஸோவ்ஸ்கி. எதிரே ஜெர்மனியின் மத்தியப் படைக்குழு. வீத்தெப்ஸ்க், ஓர்ஷா, மொகிலேவ், பொப்ருய்ஸ்க் நான்கும் ஒரே வாரத்தில் விழுந்தன. ஜூலை 3 அன்று மின்ஸ்க்.

இப்போது நான் சொல்ல வந்தது. மின்ஸ்க் போகும் நெடுஞ்சாலை ஓர்ஷா வழியாகப் போகிறது. ரத்மீஸ்த்ரவின் 5வது கார்ட்ஸ் டாங்கி ஆர்மி (கார்ட்ஸ் என்பது சிறந்த படைகளுக்குத் தந்த பட்டம்; ஆர்மி பெரியது, கோர் அதைவிடச் சிறியது, டிவிஷன் இன்னும் சிறியது) அந்தச் சாலையில் இறங்கலாம் என்று பின்னால் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே ஜெர்மன் 78வது டிவிஷன் மாதக்கணக்கில் தோண்டி வைத்த பதுங்குகுழிகளில் உட்கார்ந்திருந்தது. கலீத்ஸ்கியின் 11வது கார்ட்ஸ் ஆர்மி மோதிப் பார்த்தது, நினைத்த வேகத்தில் உடைக்க முடியவில்லை. "டாங்கிகள் உடைக்கும்" என்பது உண்மையாக இருந்தால் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? முழு டாங்கி ஆர்மியையும் அங்கேயே இறக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. வடக்கே பகுஷெவ்ஸ்க் பக்கம் கிரிலவின் காலாட்படை உண்மையாகவே வழி திறந்துவிட்டது என்று தெரிந்ததும் டாங்கி ஆர்மியை அங்கே திருப்பினார்கள். ஓர்ஷா முனையிலும் கலீத்ஸ்கியின் ஆட்கள் சாலையை விட்டுச் சதுப்புக் காட்டுக்குள் ஒரு மெலிந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் 2வது கார்ட்ஸ் டாங்கி கோர் அந்த வழியாக நுழைந்தது.

அதாவது வழி திறப்பது ஒருவர் வேலை, திறந்த வழியில் ஓடுவது இன்னொருவர் வேலை. முதல் வேலையைச் செய்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

எஃகு_17:
சுவடி அண்ணா, நல்ல இழை, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கையைப் பாருங்கள். சோவியத் பக்கம் டாங்கியும் தானே நகரும் பீரங்கி வண்டியும் 4,000க்கு மேல். தாக்குதலைத் தாங்கிய மூன்று ஜெர்மன் ஆர்மிகளிடம் மொத்தமே 500 சொச்சம், அதிலும் பெரும்பாலானவை டாங்கிகளே அல்ல, தாக்குதல் பீரங்கிகள் (சுழலும் கோபுரம் இல்லாத கவச வண்டிகள்). வானத்தில் ஜெர்மானியர்களுக்குப் பறக்கத் தயாராக இருந்த சண்டை விமானம் சுமார் 40தான். அதற்கு மேல் ஹிட்லரின் மார்ச் உத்தரவு வேறு, நகரங்களைக் கோட்டையாக அறிவித்துக் கடைசி ஆள் வரை நில் என்று. வீத்தெப்ஸ்க்கில் கோல்விட்சரின் கோர் முழுவதும் அப்படித்தான் மாட்டியது. இந்த நிலையில் யார் வழி திறந்தார்கள் என்பது அவ்வளவு பெரிய கேள்வியா? எப்படி வந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

மதராஸ்_தம்பி:
எஃகு தம்பி, நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் (இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை) 22 வருஷம் இருந்தவன். எங்களை அங்கே "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால்தான் இந்தப் பெயர். எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் 4,000 டாங்கி கையில் இருப்பது வேறு, அது எதிரி எதிர்பார்க்காத இடத்தில் தரையில் நிற்பது வேறு. நடுவில் இருப்பது எங்கள் வேலை.

பொப்ருய்ஸ்க்குக்குத் தெற்கே பாரிச்சி என்று ஒரு ஊர். சுற்றிலும் சதுப்பு. அந்தப் பக்கம் பெரிய படை எதுவும் வராது என்று ஜெர்மானியர்கள் நம்பினார்கள், நானாக இருந்தாலும் வரைபடத்தைப் பார்த்து அப்படித்தான் சொல்லியிருப்பேன். அங்கேதான் பாத்தவின் 65வது ஆர்மி மரத்தடிச் சாலை போட்டது. காலாட்படை ஆட்கள் சதுப்பில் புதையாமல் நடக்க, குச்சியால் பின்னிய மிதியடி செய்து காலில் கட்டிக்கொண்டார்கள், பின்னால் போய் அதில் நடந்து பழகிவிட்டு வந்தார்கள். தாக்குதல் தொடங்கியதும் அந்தச் சாலையில் பனோவின் 1வது கார்ட்ஸ் டாங்கி கோர் போனது.

மரத்தடிச் சாலை என்றால் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் போவது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் நீளவாக்கில் தடித்த மரங்கள், அதற்கு மேலே குறுக்காக ஒன்றோடு ஒன்று நெருக்கி அடுக்க வேண்டும், ஓரத்தில் மறுபடி நீளமரம் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு டி-34-85 என்பது 32 டன். முதல் டாங்கி போய்விடும். பத்தாவது போகும்போது ஒரு மரம் நழுவும். அதை உடனே சரி செய்யாவிட்டால் இருபதாவது டாங்கி புதைந்து நிற்கும், அதற்குப் பின்னால் முழு வரிசையும் நிற்கும். அதனால் சாலை போட்டவன் போட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது, பக்கத்திலேயே முட்டி அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பான். நான் அமைதிக் காலத்தில், யாரும் சுடாத இடத்தில், மழைக்காலச் சேற்றில் 300 மீட்டர் இப்படிப் போட்டிருக்கிறேன். மூன்று நாள் ஆனது. இடுப்பு ஒரு வாரம் நிமிரவில்லை. ராத்திரியில் கோடரிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரி காதுக்கு எட்டும் தூரத்தில், கிலோமீட்டர் கணக்கில், அதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்க்கிறது.

சுவடி:
ஐயா, இதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். மிக்க நன்றி.

எஃகு, நீங்கள் கேட்டதற்கு ரொக்கஸோவ்ஸ்கி முனையே பதில். அவர் ஒரே இடத்தில் அடிக்காமல் இரண்டு இடத்தில் அடித்தார். வடக்கே ரொகச்சேவ் பக்கம் கோர்பாத்தவின் 3வது ஆர்மி, தெற்கே ஐயா சொன்ன சதுப்பு வழியாக பாத்தவ். மே மாதக் கூட்டத்தில் ஸ்டாலின் இதை ஏற்கவில்லை, பக்கத்து அறைக்குப் போய் மறுபடி யோசித்துவிட்டு வா என்று அனுப்பினார், திரும்பி வந்தும் தான் மாறவில்லை என்று ரொக்கஸோவ்ஸ்கி நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஸ்டாலினுக்கு அடுத்த நிலைத் தளபதி ஜுகோவ் தன் நினைவுக்குறிப்பில் இதை மறுக்கிறார், அப்படி ஒரு சண்டையே இல்லை என்கிறார். யார் சொல்வது சரியோ, திட்டம் இரண்டு அடியாகத்தான் நடந்தது, அதில் ஐயமில்லை. (1937இல் கைதாகி, அடிபட்டு, 1940இல் வெளியே வந்த மனிதர் ரொக்கஸோவ்ஸ்கி. கோர்பாத்தவ் கொலிமா கட்டாய உழைப்பு முகாமிலிருந்து திரும்பியவர். இவர்கள் ஸ்டாலின் முன்னால் நின்று பேசியதை நினைக்கும்போது இதுவும் மனதில் வருகிறது.)

அந்த இரண்டு அடி என்ன செய்தது தெரியுமா? ஜெர்மன் 9வது ஆர்மி கையில் இருந்த ஒரே உருப்படியான டாங்கிப் படை 20வது பான்சர் டிவிஷன். முதலில் ரொகச்சேவ் பக்கம்தான் ஆபத்து என்று அதை வடக்கே அனுப்பினார்கள். அப்புறம் சதுப்புக்குள்ளிருந்து டாங்கிகள் வருகின்றன என்று செய்தி வந்ததும் திரும்பித் தெற்கே போ என்றார்கள். சாலை முழுக்க நெரிசல், வானத்தில் சோவியத் விமானங்கள். போய்ச் சேருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அதற்குள் வடக்கே பஹாரவின் 9வது டாங்கி கோர் பெரெஸினா ஆற்றுக்குக் கிழக்கே சாலைகளையும் பாலங்களையும் பிடித்துவிட்டது. பல்லாயிரம் ஜெர்மானியர்கள் உள்ளே மாட்டினார்கள். 9வது ஆர்மித் தளபதி யோர்டானைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். அடுத்து படைக்குழுத் தலைவர் புஷ்ஷையும் தூக்கிவிட்டு மோடெலைக் கொண்டுவந்தார்கள்.

4,000 டாங்கி இருந்ததால் ஜெயித்தார்கள் என்றால், 1943-44 குளிர்காலத்தில் இதே ஓர்ஷா, வீத்தெப்ஸ்க் பக்கம் மாதக்கணக்கில் மோதியும் ஏன் முடியவில்லை? அப்போதும் எண்ணிக்கை சோவியத் பக்கம்தான். வெளிப்படையாக, ஒரே சாலையில் மறுபடி மறுபடி மோதினார்கள். ஜூனில் உடைக்க வேண்டிய இடங்களில் கிலோமீட்டருக்கு 150க்கும் மேல் பீரங்கிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், மற்ற இடங்களில் தைரியமாக ஆளைக் குறைத்தார்கள். பான்சர் டிவிஷன்களில் பெரும்பாலானவை வடக்கு உக்ரைனில் காத்துக்கொண்டிருந்தன, அடி அங்கேதான் விழும் என்று நம்பவைத்துவிட்டார்கள்.

பிராட்கேஜ்:
நான் ரயில்வேயில் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மேட்டுப்பாளையம் பக்கம் ஊர். போர் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது என்று இத்தனை நாள் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன், ஆனால் ரயிலை விட்டுவிட்டுப் பேசுகிறீர்களே.

ஜூன் 19 ராத்திரி, 20 விடிவதற்குள், பெலாருஸ் கொரில்லாக்கள் ஜெர்மன் படைக்குழுவின் பின்பக்கம் முழுவதும் தண்டவாளத்தில் வெடி வைத்தார்கள். ஒரே இரவில் 10,000க்கும் மேல் வெடிப்புகள். ஒரு தண்டவாளம் உடைந்தால் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைப் போன்றவனுக்குத் தெரியும். கையில் ஆள், மாற்றுத் தண்டவாளம், கருவி எல்லாம் இருந்தால் சில மணி நேரம். ஆனால் ஒரே தடத்தில் நூறு இடத்தில் உடைந்தால், முதல் இடத்தைச் சரி செய்யும் வண்டியே இரண்டாவது இடத்துக்குப் போக முடியாது. சேதம் நூறு மடங்கு அல்ல, அதற்கும் மேல். தாக்குதல் தொடங்கிய நாட்களில் ஒரு டிவிஷனை இங்கிருந்து அங்கே மாற்றுவது ஜெர்மானியர்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பர் ஐயா முன்பக்கம் சாலை போட்டவர்களைச் சொன்னார். பின்பக்கம் சாலையை இல்லாமல் செய்தவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

இன்னொன்று. ரஷ்யத் தண்டவாளம் அகலம் 1524 மில்லிமீட்டர். ஜெர்மானியர்கள் பிடித்த இடத்தில் எல்லாம் அதைத் தங்கள் 1435க்கு மாற்றிவிட்டிருந்தார்கள். சோவியத் படை முன்னேறும்போது உடைந்ததைச் சரி செய்தால் மட்டும் போதாது, மறுபடி அகலப்படுத்தவும் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மீட்டர்கேஜும் பிராட்கேஜும் சேரும் ஒரு நிலையத்தில் இருந்தேன். ஒரு வண்டி மூட்டையை இறக்கி அடுத்ததில் ஏற்ற ஒரு நாள் போய்விடும். அதனால்தான் படைக்கும் ரயில் முனைக்கும் (ரயில் போய் நிற்கும் கடைசி இடம்) நடுவே லாரி அவ்வளவு முக்கியமானது. அமெரிக்கா அனுப்பிய ஸ்டூட்பேக்கர் லாரிகள் இல்லாமல் ஐந்து வாரத்தில் போலந்தில் இருக்கும் விஸ்துலா ஆற்றங்கரை வரை போயிருக்க முடியாது என்பது என் கருத்து. போர் முழுவதிலும் அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய லாரி, ஜீப் எல்லாம் சேர்த்து 4 லட்சம் அளவுக்கு. சோவியத் டாங்கி பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எஃகு_17:
பிராட்கேஜ் சார், தண்டவாள அகலத்தை நான் யோசித்ததே இல்லை. சரி, எண்ணிக்கை மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். குளிர்காலத் தோல்வி பற்றி சுவடி அண்ணா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் திறந்த வழியில் ஓடுவதும் சுலபம் இல்லை என்று ஒன்று சேர்க்கிறேன். ரத்மீஸ்த்ரவின் டாங்கி ஆர்மி நெடுஞ்சாலையில் வேகமாக வந்தபோது க்ரூப்கி பக்கம் ஜெர்மன் 5வது பான்சர் டிவிஷனும் டைகர் என்ற கனரக டாங்கிகளின் பட்டாலியன் ஒன்றும் வந்து மறித்தன. அதில் நிறைய டாங்கி போனது. அப்புறம் வில்நியூஸ் நகரச் சண்டையில் இன்னும் போனது. ஆகஸ்டில் ரத்மீஸ்த்ரவைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மின்ஸ்க்குக்குள் முதலில் நுழைந்தது அவருடைய பெரிய ஆர்மி அல்ல, புர்தெய்னியின் 2வது கார்ட்ஸ் டாங்கி கோர், ஜூலை 3 விடியற்காலையில்.

கயல்:
எல்லோரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. கொரில்லாக்கள், கொரில்லாக்கள் என்று போகிறபோக்கில் சொல்கிறோம். அவர்கள் ஏன் அத்தனை பேர் காட்டில் இருந்தார்கள்?

பெலாருஸில் நான்கு பேரில் ஒருவர் அந்தப் போரில் செத்தார். கத்தீன் என்று ஒரு கிராமம், 1943 மார்ச் 22 அன்று மக்களைக் களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். 149 பேர், அதில் 75 குழந்தைகள். (போலந்து அதிகாரிகளை சோவியத் போலீஸ் சுட்டுக் கொன்ற கத்தின் வேறு இடம், வேறு கொடுமை, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) கத்தீனைப் போல எரிந்த கிராமங்கள் நூற்றுக்கணக்கில். இப்போது அங்கே நினைவிடத்தில் 30 நொடிக்கு ஒரு முறை மணி அடிக்கும். மூன்று பிர்ச் மரங்கள் நிற்கின்றன, நான்காவது மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீ எரிகிறது. யூதர்களை நகரம் நகரமாகக் கொன்று தீர்த்தார்கள், மின்ஸ்க் பக்கத்தில் மாலி ட்ரஸ்தெனெத்ஸில் வெளிநாட்டிலிருந்தும் ரயிலில் கொண்டுவந்து கொன்றார்கள்.

என் தாத்தா வீட்டில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன, என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம்) கண்காட்சியில் வாங்கியது. அதில் வெற்றி இருக்கும், வீரம் இருக்கும். செத்தவர்களின் கணக்கு இருக்காது. இந்த இரண்டு மாதத் தாக்குதலில் செஞ்சேனையில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 1,78,000க்கு மேல். காயம், நோய் என்று 5,87,000. ஜெர்மன் பக்கம் செத்தது, காயப்பட்டது, பிடிபட்டது எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4 லட்சம். ஜெயித்தவர்கள் பக்கம் இத்தனை என்றால் "எப்படி வந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்" என்ற வார்த்தையை நாம் எழுதக்கூடாது எஃகு. அந்த 1,78,000இல் பெரும்பாலோர் டாங்கியில் இருந்தவர்கள் இல்லை, நடந்து போனவர்கள்.

எஃகு_17:
கயல் அக்கா, அந்த வரியை யோசிக்காமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

கயல்:
மன்னிப்பெல்லாம் எதற்குப்பா. நானும் படிப்பதற்கு முன்னால் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஜூலை 17 அன்று மாஸ்கோவில் 57,000 ஜெர்மன் கைதிகளை வீதியில் நடத்திக் கூட்டிப்போன படத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் தளபதிகள். அவர்கள் போன பிறகு தண்ணீர் லாரிகள் வந்து வீதியைக் கழுவின. அந்தப் படத்தில் நான் பார்ப்பது ஓரத்தில் நிற்கும் பெண்களின் முகத்தை. பெரும்பாலும் கூச்சல் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பிராட்கேஜ்:
சுவடி, ஒரு கேள்வி. விஸ்துலா வரை வந்தவர்கள், வார்சாவில் போலந்துக்காரர்கள் ஜெர்மானியர்களுக்கு எதிராக நடத்திய எழுச்சிக்கு ஏன் உதவவில்லை? ஸ்டாலின் வேண்டுமென்றே நிறுத்தினார் என்று ஒரு பக்கம், பெட்ரோல் இல்லை என்று ஒரு பக்கம். என் அனுபவத்தில் ரயில் முனை அவ்வளவு பின்தங்கினால் படை நிற்கத்தான் செய்யும்.

சுவடி:
சார், இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் இல்லை என்பது என் முடிவு. எழுச்சி தொடங்கியது ஆகஸ்ட் 1. அதே நாட்களில் ரத்ஸிமின், வொலோமின் பக்கம் ஜெர்மன் பான்சர் டிவிஷன்கள் சேர்ந்து சோவியத் 2வது டாங்கி ஆர்மியை அடித்தன, அதன் 3வது டாங்கி கோர் கிட்டத்தட்ட அழிந்தே போனது. அந்த டாங்கி ஆர்மியின் தளபதி பக்தானவ் அதற்கு முன்பே லூப்ளின் சண்டையில் காயப்பட்டுப் போய்விட்டார். ஐந்து வாரம் ஓடி வந்த படை, பீரங்கியும் காலாட்படையும் பின்னால் எங்கோ. மறுபடி அதே பாடம், வழி திறப்பவர்கள் பக்கத்தில் இல்லாமல் டாங்கிகள் மட்டும் தலையை நீட்டின. ஆகவே ஆகஸ்ட் முதல் வாரத்தில் வார்சாவுக்குள் போயிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் வார்சாவுக்குப் பொருள் போட்ட மேற்கு நாட்டு விமானங்கள் சோவியத் தளத்தில் இறங்க அனுமதி கேட்டபோது ஸ்டாலின் மறுத்தார், செப்டம்பர் வரை. அதற்குப் பெட்ரோல் காரணம் ஆகாது, தண்டவாளமும் காரணம் ஆகாது. அது அரசியல். நகரம் எரிந்துகொண்டிருந்தபோது எடுத்த முடிவு. செஞ்சேனையின் சிப்பாய்களை எவ்வளவு மதிக்கிறேனோ அவ்வளவுக்கு இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

கயல்:
சாப்பர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த மரத்தடிச் சாலைகள் பிறகு என்ன ஆகியிருக்கும்? யாராவது பிரித்து எடுத்திருப்பார்களா?

மதராஸ்_தம்பி:
அம்மா, மேலே தெரிந்த மரத்தை ஊர்க்காரர்கள் கட்டாயம் எடுத்துப் போயிருப்பார்கள். வீடெல்லாம் எரிந்து கிடந்த ஊர், குளிர்காலம் வரும், விறகுக்கும் கூரைக்கும் மரம் வேண்டும். ஆனால் அடியில் போட்டது எடுக்க வராது. டாங்கி ஏறி அமுக்கிய மரம் சேற்றுக்குள் புதைந்துவிடும். சதுப்புத் தண்ணீருக்குள் காற்று படாமல் இருக்கும் மரம் சீக்கிரம் மக்காது, தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் இருப்பதுதான் முதலில் போகும். அந்தச் சதுப்பைப் பின்னால் யாரும் வடிக்காமல் விட்டிருந்தால் பாரிச்சி பக்கம் கீழே அடுக்கிய நீளமரங்கள் இன்னும் அங்கேயே, அடுக்கிய வரிசையிலேயே கிடக்கும்.